டெண்ட்ரோபியம் ஆர்கிட்ட நாலு நாள் ஸ்டாக் வெச்சு திருநெல்வேலிக்கு அனுப்பணும், கோல்ட் ரூம்ல எத்தனை டிகிரி வெக்கலாம்?

வடபழனி_மேடை

எல்லாருக்கும் வணக்கம். மேடை டெக்கரேஷன் பண்றேன், வடபழனி. வைகாசி முகூர்த்தம் ஒண்ணு திருநெல்வேலில பிடிச்சிருக்கோம், ஞாயித்துக்கிழமை காலைல தாலி கட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன். பொண்ணு வீட்ல மேடை ஃபுல்லா ஆர்கிட்தான் வேணும், அதுவும் அந்த ஊதாவும் வெள்ளையும் கலந்த சோனியா டெண்ட்ரோபியம்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கோயம்பேடு போனா விலை கேக்கவே பயமா இருக்கும், அதனால செவ்வாய்க்கிழமையே பெட்டியோட எடுத்து வெச்சுட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி அனுப்பிடலாம்னு பிளான். தெரிஞ்சவர் ஒருத்தர் அவரோட கோல்ட் ரூம்ல எடம் தரேன்றார், ரோஜாவும் கார்னேஷனும் வெச்சிருக்கார், 3 டிகிரி ஓடுது, ரோஜா அங்க ஜம்முனு நிக்குது. ஆர்கிட்டையும் அதுலயே வெச்சுடலாமா? அனுப்புறதுக்கு பஸ் டிக்கியா, ட்ரெயினா? வெயில் வேற மண்டைய பொளக்குது.

கோல்ட்ரூம்_காரன்

3 டிகிரில வெச்சுடாதீங்க தம்பி. அது ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் உள்ள கணக்கு. டெண்ட்ரோபியம் வெப்பமான காட்டுச் செடி, அதுக்கு 10ல இருந்து 13 டிகிரிக்குள்ள ஓடணும், நான் 12ல நிறுத்துவேன். அதுக்குக் கீழ போகப் போக குளிர் அடி வாங்கும். இதுல கொடுமை என்னன்னா ரூமுக்குள்ள இருக்குற வரைக்கும் ஒண்ணுமே தெரியாது, பூ பளபளன்னு சிரிக்கும், நீங்களும் சந்தோஷமா பெட்டி கட்டி அனுப்பிடுவீங்க, வெளில வந்து சூடு ஏறினதுக்கு அப்புறம்தான் வேலையக் காட்டும். இதழ் ஓரமா தண்ணி ஊறின மாதிரி கண்ணாடியா மாறும், அப்புறம் பழுப்பு ஏறும், நுனி மொட்டு மஞ்சளாகி தொட்டா கையோட வரும். வாழைப்பழத்த ஃப்ரிட்ஜ்ல வெச்சா தோல் கறுக்குதே, அதே வியாதிதான். செல்லச் சுத்தி இருக்குற சவ்வு குளிர்ல விறைச்சு ஓட்டையாகி உள்ள இருக்குற தண்ணி கசிஞ்சுடுது.

இன்னொண்ணு, ரூம் வாசல்ல ஒட்டியிருக்குற டிஸ்ப்ளேய நம்பாதீங்க. அது சென்சார் இருக்குற எடத்துக் கணக்கு. ஃபேன் நேரா ஊதுற ரேக்ல அதவிட ரெண்டு மூணு டிகிரி கம்மியா இருக்கும், கதவு பக்கம் ஜாஸ்தியா இருக்கும். ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி பெட்டிக்குள்ளயே பூ நடுவுல போட்டு வைங்க.

வடபழனி_மேடை

நல்ல வேளை கேட்டேன் அண்ணே. ஆனா 12 டிகிரில தனி ரூம் யாரும் தர மாட்டேன்றாங்க, எல்லார்கிட்டயும் ஒண்ணு ரோஜா டெம்பரேச்சர், இல்லன்னா ஐஸ்க்ரீம் டெம்பரேச்சர். ஏசி ரூம் 16ல போட்டு வெச்சா?

கோல்ட்ரூம்_காரன்

3க்கு 16 எவ்ளவோ மேல். அந்த சூட்டுல பூ கொஞ்சம் வேகமா மூச்சு விடும், அதனால ஆயுசு குறையும், ஆனா கெட்டுப் போகாது. பிரச்சனை ஏசி காத்துதான், ஈரத்த உறிஞ்சிடும். ஆர்கிட்டுக்கு 90ல இருந்து 95 சதவீதம் ஈரப்பதம் வேணும், ஏசி ரூம்ல அதுல பாதிதான் நிக்கும். அதனால பூவ பிளாஸ்டிக் ஸ்லீவ் கழட்டாம பெட்டிக்குள்ளயே வைங்க, தண்டு அடில மாட்டியிருக்குற ட்யூப்ல தண்ணி இருக்கான்னு தினம் பாருங்க, ஏசி காத்து நேரா படாத மூலைல அடுக்குங்க. உங்க ஆளுகிட்ட ரூம் பக்கத்துல ஆன்ட்டி ரூம் ஏதாவது இருக்கான்னு கேளுங்க, லோடு ஏத்துறதுக்கு முன்னாடி நிக்குற அந்த சின்ன எடம், நிறைய பேர்கிட்ட அது தானா 12, 14ல நிக்கும், அத யாரும் யூஸ் பண்றதே இல்ல.

மாடித்தோட்டம்_அக்கா

நான் வியாபாரி இல்லப்பா, வீட்ல ஜாடில வெக்கிறவ. ஆர்கிட் சும்மா ஹால்லயே ரெண்டு வாரம் நிக்குது, இவ்ளோ டிகிரி கணக்கெல்லாம் எதுக்கு? ஒரு ஆஸ்பிரின் போட்டு, செம்புக் காசு ஒண்ணு போட்டா இன்னும் நாலு நாள் நிக்கும்னு எங்க அத்த சொல்வாங்க.

பாட்டனி_கதிர்

அக்கா, ஹால்ல ஜாடில நிக்கிற பூவும் நாலு நாள் பெட்டிக்குள்ள அடைஞ்சு கெடந்து 600 கிலோமீட்டர் பஸ்ல ஆடிட்டு வர்ற பூவும் ஒண்ணு இல்ல. உங்க வீட்டுப் பூவுக்கு காத்து இருக்கு, தண்ணி இருக்கு, யாரும் அழுத்தல.

ஆஸ்பிரினும் காசும் பெருசா ஒண்ணும் பண்ணாது. பூவுக்கு வேணும்னா மூணு விஷயம்தான், சாப்பிட சர்க்கரை, தண்ணி ஏற கொஞ்சம் புளிப்பு, பாக்டீரியா வராம இருக்க கிருமிநாசினி. கடைல விக்கிற பூ உணவு பாக்கெட்லயும் இதான் இருக்கு. தொழில்முறைல 8-ஹைட்ராக்ஸிகுயினோலின் சல்ஃபேட்ன்ற கிருமிநாசினியோட சர்க்கரை கலந்து குடுப்பாங்க. வீட்ல செவன் அப் ஒரு பங்கு, தண்ணி மூணு பங்கு, அதுல நாலஞ்சு சொட்டு துணி வெளுக்குற ப்ளீச், அவ்ளோதான், சர்க்கரை புளிப்பு ரெண்டும் அந்த பாட்டில்லயே வந்துடுது. டயட் பாட்டில் வாங்கிடாதீங்க, அதுல சர்க்கரையே கிடையாது. வெறும் சர்க்கரைய மட்டும் தண்ணில போட்டா நல்லது பண்றோம்னு நினைச்சு பாக்டீரியாவுக்கு விருந்து வெக்கிறோம், தண்டு அடில வழவழன்னு ஆகி தண்ணி ஏறாம போயிடும்.

வடபழனி அண்ணே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது வேற. டிகிரி சரி பண்ணிட்டா பாதிதான் முடிஞ்சுது, இன்னொரு பாதி எத்திலீன். அந்த கோல்ட் ரூம்ல ரோஜா கார்னேஷன் தவிர வேற என்ன வெக்கிறாங்கன்னு விசாரிச்சீங்களா? ஆப்பிள், மாம்பழம் ஒரு பெட்டி இருந்தாலும் ஆர்கிட்டுக்கு ஆபத்து. பழுக்குற பழம் விடுற காத்துதான் எத்திலீன். மோந்து பாத்தா தெரியாத அளவுக்கு இருந்தாலே ஆர்கிட்டுக்கு போதும், பத்து லட்சத்துல ஒரு பங்குக்கும் கம்மியா இருந்தாக்கூட பூ ‘என் காலம் முடிஞ்சுது’ன்னு முடிவு பண்ணிடும். 1949லயே அமெரிக்காவுல டேவிட்சன்னு ஒருத்தர் காட்லியா ஆர்கிட்ல புல்லி இதழ் காய்ஞ்சு போறதுக்கு எத்திலீன்தான் காரணம்னு எழுதிட்டார், இது ஒண்ணும் புதுசு இல்ல. டெண்ட்ரோபியம்ல மொட்டு உதிரும், பூ தலையத் தொங்கப்போடும், இதழ்ல நரம்பு தனியா தெரியும்.

பழமண்டி_செல்வம்

ஒரு நிமிஷம் தம்பி. கோயம்பேட்ல பூ மார்க்கெட்டும் பழ மார்க்கெட்டும் ஒரே காம்பவுண்ட், 1996ல திறந்ததுல இருந்து அப்படித்தான் இருக்கு. நீங்க சொல்றத பாத்தா அங்க ஒரு பூ கூட நிக்கக் கூடாதே? எங்க மண்டில மாம்பழம் மலையா கெடக்கும், அந்தப் பக்கம் சாமந்தி ஒண்ணும் ஆகாம விக்குது.

பாட்டனி_கதிர்

நியாயமான கேள்வி அண்ணே. ரெண்டு காரணம். ஒண்ணு, மார்க்கெட் திறந்த வெளி, எத்திலீன் காத்தோட கலைஞ்சு போயிடும். மூடின ரூம், மூடின வண்டி, மூடின டிக்கி, அங்கதான் சேரும். ரெண்டாவது, நீங்க சாமந்திய சொல்றீங்க, சாமந்தியும் ஜெர்பராவும் எத்திலீன கண்டுக்கவே கண்டுக்காது. சாமந்தி வெச்சு பழகினவங்க ‘பழத்தோட வெச்சா என்ன ஆகும்’னு கேக்குறது அதனாலதான். கார்னேஷன வெச்சுப் பாருங்க, தூங்கின மாதிரி மூடிக்கும். ஆர்கிட்டும் அந்த ஜாதிதான்.

பழமண்டி_செல்வம்

சரி அது வாஸ்தவம்தான். பழுக்க வெக்குற சேம்பர்லயும் எத்திலீன் கேஸ்தான விடுறோம் இப்பல்லாம், கார்பைடு தடை ஆனதுக்கு அப்புறம். அந்த சேம்பர் பக்கத்துல நிறுத்துன வண்டில பூ ஏத்தக் கூடாதுன்னு இப்ப புரியுது.

பாட்டனி_கதிர்

ஆமா, வண்டி புகைலயும் எத்திலீன் இருக்கு, அதையும் சேத்துக்கோங்க. டெம்போவ ஸ்டார்ட்ல வெச்சுக்கிட்டே பின்னாடி பூ ஏத்துறது நம்ம ஊர்ல தினமும் நடக்குது.

இன்னொரு வில்லன் பூவுக்குள்ளயே இருக்கான். ஆர்கிட் பூ நடுவுல நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற இதழுக்கு மேல ஒரு சின்ன தூண் இருக்கும், அதோட நுனில அரிசி முனை சைஸ்ல ஒரு வெள்ளைத் தொப்பி, அதுக்கு அடில மஞ்சளா மெழுகு உருண்டை மாதிரி மகரந்தம் இருக்கும், மத்த பூ மாதிரி தூளா இருக்காது. பெட்டில பூ ஒண்ணோட ஒண்ணு இடிச்சு அந்தத் தொப்பி கழண்டு விழுந்துட்டா, பூச்சி வந்து போயிடுச்சு, வேலை முடிஞ்சுதுன்னு பூ நினைச்சுக்கும், உடனே தானே எத்திலீன் விட ஆரம்பிக்கும். அந்த ஒரு பூ மட்டும் வாடினா பரவால்ல, மூடின பெட்டிக்குள்ள அது விடுற காத்து பக்கத்துல இருக்குறதையும் சேத்து சாய்ச்சுடும். சிம்பிடியம் ஆர்கிட்ல இது கண்ணுக்கே நல்லா தெரியும், தொப்பி போன பூவோட நாக்கு மட்டும் ரத்தச் செவப்பா மாறும். வாங்குறப்போ பெட்டி அடில அந்த வெள்ளைத் தொப்பி சிதறிக் கெடக்குதான்னு பாருங்க, கெடந்தா அந்தப் பெட்டிய யாரோ தூக்கிப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

தாய்லாந்து_லோடு

நான் இம்போர்ட் சைடு வேலை பாக்குறேன், மீனம்பாக்கம் கார்கோ. கோயம்பேட்ல நீங்க பாக்குற சோனியால நிறைய பாங்காக்ல இருந்து வர்றது, கேரளா சரக்கும் உண்டு. பாங்காக்ல இருந்து ஃப்ளைட் மூணரை மணி நேரம்தான், ஆனா தோட்டத்துல வெட்டினது, கட்டினது, பூச்சி மருந்து அடிச்சது, இங்க பிளான்ட் குவாரன்டைன்ல பேப்பர் பாத்து விட்டது எல்லாம் சேத்தா உங்க கைக்கு வர்றப்போ அது ஏற்கனவே பாதி வழி வந்த பூ. இலைப்பேன் பூச்சி இருந்தா மெதில் ப்ரோமைடு புகை போடுவாங்க, அந்தப் புகை பட்ட பூ ஜாடில நிக்கிற நாளும் குறையும். அதனால ‘செவ்வாய்க்கிழமை வாங்குனேன், செவ்வாய்க்கிழமைப் பூ’ன்னு கணக்கு போடாதீங்க.

வாங்குறப்போ பாக்க வேண்டியது: ஸ்டிக்ல, அதாவது பூ வரிசையா இருக்குற தண்டுல, பூ அடில இருந்து மேல வரிசையா விரியும், அதனால அடிப் பூதான் வயசான பூ. அதத் தூக்கிப் பாருங்க. இதழ் விறைப்பா இருக்கா, பின்பக்கம் தண்ணி ஊறின மாதிரி இருக்கான்னு பாருங்க. முக்காவாசி பூ விரிஞ்சு நுனில கொஞ்சம் மொட்டு இருக்குற ஸ்டிக்தான் சரியான பருவம். மொட்டா இருந்தா நாள் படும்னு நினைச்சு மொட்டு ஜாஸ்தி உள்ளத எடுக்காதீங்க, வெட்டின டெண்ட்ரோபியம்ல சின்ன மொட்டெல்லாம் விரியவே விரியாது, அப்படியே மஞ்சளாகும். தண்டு அடில இருக்குற ட்யூப்ப ஆட்டிப் பாருங்க, காலியா இருந்தா அந்தக் கட்டு தாகத்துல வந்திருக்கு.

வடபழனி_மேடை

ட்யூப் விஷயம் கேக்கணும்னு இருந்தேன். எங்க பையன் ட்யூப்ப கழட்டிட்டு ஈரப் பஞ்சு சுத்தி அனுப்பலாம், வெயிட் கம்மின்றான்.

கோல்ட்ரூம்_காரன்

பஞ்சு ஒரு ராத்திரிக்கு தாங்கும், தாங்காதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா பஞ்சு காய ஆரம்பிச்சா தண்டுல இருக்குற தண்ணியையே திருப்பி உறிஞ்சும். ட்யூப்பே இருக்கட்டும். தண்ணிய மட்டும் மாத்துங்க, நம்ம போர் தண்ணி வேணாம், உப்பு. ஆர்ஓ தண்ணில லிட்டருக்கு 1 மில்லி ப்ளீச் போதும். தண்டு நுனிய அரை இன்ச் சாய்வா, தண்ணிக்குள்ள முக்கி வெச்சுக்கிட்டே வெட்டுங்க, அப்பதான் காத்துக் குமிழ் உள்ள போய் அடைக்காது. கத்தி கூர்மையா இருக்கணும், கத்திரிக்கோல் தண்ட நசுக்கும்.

தாய்லாந்து_லோடு

வெட்டுற வேலைய செவ்வாய்க்கிழமை ஒரு தடவ பண்ணா போதும்னு இருக்காதீங்க, வெள்ளிக்கிழமை கட்டுறதுக்கு முன்னாடியும், திருநெல்வேலி போய் இறங்கினதும் பண்ணுங்க.

மதுரை_மாலைகட்டி

அண்ணே நான் பேக்கிங் பத்தி சொல்றேன், வாரா வாரம் மெட்ராஸ் சரக்கு வாங்குறவன். தெர்மாகோல் பெட்டில ஐஸ் பேக் நாலு போட்டு சீல் பண்ணி அனுப்புறாங்க பாருங்க, அதுதான் பெரிய தப்பு. பெட்டியத் திறந்தா ஐஸ் தொட்ட பூவெல்லாம் கண்ணாடியா இருக்கும், நடுவுல இருக்குறது புழுங்கிக் கெடக்கும்.

கோல்ட்ரூம்_காரன்

ஐஸ் பேக்கே வேணாம்னு சொல்ல முடியாது மதுரை அண்ணே, மே மாசத்துல வேணும். ஆனா போடுற முறை இருக்கு. தெர்மாகோல் குளிர உண்டாக்காது, உள்ள என்ன இருக்கோ அதக் காப்பாத்தும், அவ்ளோதான். சூடான பூவ உள்ள வெச்சு மூடினா சூட்டக் காப்பாத்தும். பூவும் மூச்சு விடுது, அது விடுற சூடு வேற உள்ளயே சேரும். அதனால கட்டுறதுக்கு முன்னாடி அட்டைப் பெட்டியோட ரெண்டு பக்க ஓட்டையும் திறந்து 12 டிகிரி காத்து ஊடால போற மாதிரி வெச்சு, நடுப் பூ வரைக்கும் குளிர்ந்துச்சான்னு தெர்மாமீட்டர் பாத்துட்டு, அப்புறம் ஓட்டைய மூடி தெர்மாகோலுக்குள்ள எறக்கணும். ஐஸ் பேக் நியூஸ்பேப்பர்ல நாலு சுத்து சுத்தி மேல் மூடில ஒட்டணும், பூவத் தொடக் கூடாது. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த உடனே போடாதீங்க, மேல வேர்க்க ஆரம்பிச்சதும் போடுங்க.

மதுரை_மாலைகட்டி

அத ஒத்துக்கிறேன். வேர்க்குறதுன்னதும் ஞாபகம் வருது, குளிர்ந்த பெட்டிய சென்னை காத்துல திறந்து வெச்சு நின்னு பேசிட்டு இருப்பாங்க, பூ மேல பூரா முத்து முத்தா தண்ணி கோத்துக்கும், அதோட மூடினா மறுநாள் இதழ்ல பின்ஹெட் சைஸ்ல பழுப்புப் புள்ளி, பூஞ்சணம். பெட்டிய ரூமுக்குள்ளயே கட்டி முடிச்சு வெளில கொண்டு வாங்க.

வடபழனி_மேடை

எல்லாரும் சொல்றத நோட் பண்ணிட்டு இருக்கேன். பஸ்ஸா ட்ரெயினா?

மதுரை_மாலைகட்டி

என் ஓட்டு ட்ரெயினுக்கு, ஆனா பார்சல் வேன்ல இல்ல, ஆளோட. உங்க டீம்ல எப்படியும் நாலு பேரு முந்தின நாளே போவாங்கல்ல, ஏசி கோச்ல டிக்கெட் போட்டு ஆளுக்கு ஒரு பெட்டி கைலயே எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. நெல்லை எக்ஸ்பிரஸ் ராத்திரி ஏறினா காலைல ஊர்ல. பார்சல்ல போட்டா பிளாட்பாரம் வெயில்ல எவ்ளோ நேரம் கெடக்கும்னு யாருக்கும் தெரியாது.

பஸ்ஸுன்னா தெக்கால போறது இப்ப கிளாம்பாக்கம், அதுவரைக்கும் டெம்போ. டிக்கிக்குள்ள ஏசி கிடையாது, இஞ்சின் சூடு வரும், புகை வரும், அதோட வழில ஏத்துற சரக்குல மாம்பழக் கூடை இருக்காதுன்னு யார் கேரண்டி குடுப்பா? இந்த சீசன்ல எல்லாரும் ஊருக்கு மாம்பழம்தான் கொண்டு போறாங்க.

பாட்டனி_கதிர்

அதே பயம்தான் எனக்கும். பெட்டிக்குள்ள பொட்டாசியம் பெர்மாங்கனேட் பாக்கெட் ரெண்டு போடுங்க, எத்திலீன உறிஞ்சும், ஊதாவா இருக்குறது வேலை முடிஞ்சா பழுப்பா மாறும், பாத்தாலே தெரியும். ஆனா அது காத்துல இருக்குறதத்தான் எடுக்கும், கொஞ்சமாத்தான் எடுக்கும். நிஜமா காப்பாத்துறது 1-எம்சிபின்ற கேஸ். அது எத்திலீன் போய் உக்கார்ற எடத்துல முன்னாடியே போய் உக்காந்துக்கும், அப்புறம் எத்திலீன் வந்தாலும் பூவுக்கு செய்தி போகாது. அமெரிக்காவுல வட கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டில ரெண்டு பேர் கண்டுபிடிச்சது, 1996ல பேடன்ட். ஆனா அத மூடின ரூம்ல, எத்திலீன் படுறதுக்கு முன்னாடி குடுக்கணும். பட்டதுக்கு அப்புறம் குடுத்துப் பிரயோஜனம் இல்ல. தாய்லாந்து லோடு அண்ணன் சப்ளையர்கிட்ட ட்ரீட் பண்ண சரக்கான்னு கேட்டுச் சொல்லலாம்.

தாய்லாந்து_லோடு

கேட்டா சொல்லுவாங்க, கேக்குறவங்கதான் இல்ல.

சிலிகுரி_தமிழன்

இடைல வந்து குழப்புறேன்னு நினைக்காதீங்க, இந்த இழைய படிச்சுட்டு யாராவது எல்லா ஆர்கிட்டுக்கும் 12 டிகிரின்னு எடுத்துக்கப் போறாங்க. சிம்பிடியம் மலைச் செடி, சிக்கிம்ல விளையுறது, அத 0ல இருந்து 4 டிகிரில ரோஜாவோட வெக்கலாம், அதுக்கு அதான் சரி. காட்லியாவும் ஃபலனாப்சிஸும் 7ல இருந்து 10, வாண்டா 13க்கு கீழ போகவே கூடாது. இங்க பக்கத்துல சிக்கிம் பாக்யோங்ல ஆர்கிட்டுக்குன்னே மத்திய அரசு ஆராய்ச்சி மையம் 1996ல இருந்து இருக்கு. வடபழனி அண்ணே, உங்க நண்பரோட 3 டிகிரி ரூம்தான் சுலபம்னா பொண்ணு வீட்ல பேசி சிம்பிடியத்துக்கு மாத்துங்க.

வடபழனி_மேடை

மே மாசத்துல சிம்பிடியம் கெடைக்குமா?

சிலிகுரி_தமிழன்

கஷ்டம். அதோட சீசன் குளிர்காலம். வெளிநாட்டு சரக்குதான் வரும், விலை சோனியா மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல இருக்கும். சரி அத விடுங்க.

வடபழனி_மேடை

விட்டாச்சு 😀 ஆன்ட்டி ரூம் கேட்டேன், இருக்காம், 13ல நிக்குதாம், அதுல இப்போதைக்கு காலி க்ரேட் அடுக்கி வெச்சிருக்காங்க, எடுத்துத் தரேன்றார். பழம் எதுவும் வெக்க மாட்டோம்னு சொல்லிட்டார். கடைசியா ஒண்ணு, சனிக்கிழமை காலைல பெட்டி திறக்குறப்போ கொஞ்சம் தொங்கிப் போயிருந்தா என்ன பண்றது? மாலைக்கு உதிரிப் பூவும் வேணும்.

மதுரை_மாலைகட்டி

பதறாதீங்க. தண்டு நுனிய மறுபடி வெட்டிட்டு, பெரிய அண்டால சாதாரணத் தண்ணி புடிச்சு ஸ்டிக்க பூவோட முழுசா அமுக்கி ஒரு இருபது நிமிஷம் வைங்க. ஆர்கிட் இதழ் வழியாவே தண்ணி குடிக்கும், விறைச்சுக்கிட்டு வரும். ஐஸ் தண்ணி வேணாம். எடுத்ததும் தலைகீழா புடிச்சு நல்லா உதறி, ஃபேனுக்கு அடில இதழ் காயுற வரைக்கும் விரிச்சு போடுங்க, ஈரத்தோட அடுக்கினா புள்ளி விழும்னு சொன்னேன்ல. இதுக்கும் எந்திரிக்காத பூ குளிர் அடி பட்டது, அத ஒதுக்கிடுங்க, அப்புறம் மேடைல கறுத்துப் போய் நிக்கும்.

உதிரிக்கு ஸ்டிக்ல இருந்து அடிப் பூவத்தான் முதல்ல கிள்ளணும், எப்படியும் அதான் முதல்ல போகும். காம்போட கிள்ளுங்க, இல்லன்னா ஊசி கோக்குறப்போ கிழியும். கட்டினத ஈரத் துணில சுத்தி வைங்க, ஃப்ரிட்ஜ்ல மட்டும் வெச்சுடாதீங்க, கல்யாண வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரி, உள்ள ஆப்பிள் வேற இருக்கும். மண்டபத்துல மாப்பிள்ளை ரூம் ஏசிய ராத்திரி பூராவும் ஓட விடச் சொல்லி அங்க ஒரு மூலைல வெச்சுடுங்க.

வடபழனி_மேடை

மாப்பிள்ளை ரூம்லயா, அங்கதான் தட்டுத் தட்டா பழம் அடுக்கி வெப்பாங்க.

மதுரை_மாலைகட்டி

அப்போ பொண்ணு ரூம்ல கேளுங்க, பழத்தட்டு எங்க இல்லையோ அங்க.